உண்மை என்ன? – பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தது சமாதானத் தூதா, கெடு ஓலையா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதிச்சநல்லூருக்கு வேன் பிடித்து வரும் குடும்பங்கள் இப்போது அதிகம். பரம்பு மேட்டில், தோண்டிய குழியை மூடாமல், மேலே கண்ணாடி போட்டு, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி 2023 ஆகஸ்ட்டில் திறந்துவிட்டார்கள். கண்ணாடி மேல் நடக்கப் பயந்து பாட்டிமார்கள் ஓரமாக நிற்க, பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

அங்கிருந்து கிளம்பும் பல வேன்களின் அடுத்த நிறுத்தம் பாஞ்சாலங்குறிச்சி. அதற்கடுத்தது கயத்தாறு. மூன்றுமே தூத்துக்குடி மாவட்டம்தான், ஒரே நாளில் பார்த்துவிடலாம். கட்டபொம்மன் பேச்சு ஆரம்பித்ததும் வேனுக்குள் சண்டையும் ஆரம்பித்துவிடும்.

"வெள்ளைக்காரன் ஒருநாளாவது மரியாதையாப் பேசினானா?" என்பார் தாத்தா. "சமாதானமாப் போகலாம்னு மேஜரே லெட்டர் போட்டாராம் தாத்தா. இவர்தான் போகலையாம். வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்பான் பேரன்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 16 நெருங்கும்போது இப்படி இரண்டு வகை ஃபார்வர்டுகள் சுற்றும். கம்பெனி கடைசிவரை பேச்சுக்கே வரவில்லை என்பது ஒன்று. போருக்கு முன் கம்பெனி சமாதானத்துக்கு அழைத்தது, வீம்பு பிடித்துப் போரை வரவழைத்தவர் கட்டபொம்மன்தான் என்பது இன்னொன்று.

இது 225 ஆண்டு பழைய கதைதானே என்று விட்டுவிடவும் முடியாது. 'சமாதானத்துக்கு அழைத்தோம், அவர் மறுத்தார்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதன்பிறகு நடக்கும் சாவு, தூக்கு, கோட்டை இடிப்பு அத்தனைக்கும் பழி செத்தவர் தலையில் போய் விழுந்துவிடும். அதனால் அந்த வரி உண்மைதானா என்பது முக்கியம்.

சுற்றிவரும் தகவல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தகவல் 1: "கட்டபொம்மன் ஒரு காசுகூட வரி கட்டியதில்லை."

1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி பேசிய வசனம் தமிழ்நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? அந்த வசனத்தின் சூட்டில், கட்டபொம்மன் வரியே கட்டாதவர் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. அவரைப் பாராட்டுபவர்கள் பெருமையாகவும், திட்டுபவர்கள் குற்றமாகவும் இதையே சொல்கிறார்கள்.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆற்காடு நவாப்பிடமிருந்து 1792 ஒப்பந்தத்தின் மூலம் கம்பெனி வாங்கிக்கொண்டது. 1798-ன் நடுப்பகுதியில் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3,310 பகோடா. 'பகோடா' என்பது டீக்கடைப் பலகாரம் அல்ல, நம்மூர் வராகன் நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். அந்தப் பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டு, கடைசியில் நின்றது 1,080 பகோடாதான்.

பாக்கி வைத்தார் என்பது உண்மை. கட்டவே இல்லை என்பது உண்மையில்லை. கட்டிய பிறகும் சண்டை ஏன் வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

முடிவு: தவறு.

தகவல் 2: "பேச்சுக்குக் கூப்பிட்டும் கட்டபொம்மன் வரவில்லை."

அப்போது கலெக்டர் ஜாக்ஸன். 1798 ஆகஸ்ட் 18-ம் தேதி அவரிடமிருந்து உத்தரவு போகிறது: ராமநாதபுரத்தில் வந்து என்னைப் பார்க்க வேண்டும். கட்டபொம்மன் கிளம்பிவிட்டார். வழியிலேயே பார்த்துப் பேசிவிடலாம் என்று குற்றாலத்தில் முயன்றார், கலெக்டர் பார்க்க மறுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே கதை. கலெக்டர் முகாம் மாறிக்கொண்டே போக, பின்னாலேயே இவரும் போக வேண்டியிருந்தது.

ஒருவழியாக செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில், ஜாக்ஸன் முன்னால் மூன்று மணி நேரம் நிற்கவைக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. தன்னைப் பிடித்து அடைக்கப் போகிறார்கள் என்று கட்டபொம்மன் தரப்புக்குச் சந்தேகம் வர, தம்பி ஊமைத்துரை ஆட்களோடு உள்ளே புகுந்தார். கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார். அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிக்கிக்கொண்டார்.

ஊர் ஊராகத் துரத்திப்போய்ப் பார்த்த மனிதரை, கூப்பிட்டும் வரவில்லை என்று சொல்வது எப்படிச் சரியாகும்? அந்தச் சந்திப்பில் கம்பெனி அதிகாரி ஒருவரின் உயிர் போனது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முடிவு: தவறு.

தகவல் 3: "கம்பெனி ஒருமுறைகூட நியாயமாகப் பேசியதில்லை."

தாத்தாக்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது.

ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய கட்டபொம்மன், நடந்ததை விவரித்துச் சென்னைக்கு முறையிட்டார். கலெக்டர் மேல் கலெக்டரின் எஜமானரிடமே புகார். அப்போது சென்னையில் கவர்னர் எட்வர்ட் கிளைவ், பிளாசிப் போரில் பேர்பெற்ற ராபர்ட் கிளைவின் மகன். அவருடைய நிர்வாகம் மனுவைக் குப்பையில் போடவில்லை. தானாபதியை விடுதலை செய்யச் சொன்னது. ஜாக்ஸனைத் தற்காலிகமாக நீக்கியது. வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காஸமேஜர் ஆகிய மூவரைக் கொண்டு ஒரு விசாரணைக் குழு போட்டது.

1798 டிசம்பரில் கட்டபொம்மன் அந்தக் குழுவின் முன் வந்து தன் தரப்பைச் சொன்னார். கேட்ட குழு, அவர் மேல் குற்றமில்லை என்றது. ஜாக்ஸன் வேலையை இழந்தார். லூஷிங்டன் புதிய கலெக்டராக வந்தார்.

கோட்டை வாசலில் ஒரு ஆங்கிலேய அதிகாரி செத்து மூன்றே மாதம். அப்படியும் மேசையில் உட்கார்ந்து பேசி, ஒரு முடிவுக்கு வர முடிந்திருக்கிறது. கம்பெனி அழைத்தது, பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பிக் கட்டபொம்மன் போனார், கம்பெனியும் சொன்ன சொல் காப்பாற்றியது. இரண்டு தரப்புக்கும் நடுவே நடந்தவற்றில் சமாதான முயற்சி என்று கூசாமல் சொல்லத்தக்கது இதுதான். ஃபார்வர்டு போடுகிற இரண்டு கட்சியும் மறந்துவிடுவதும் இதைத்தான்.

அந்த மாதங்களில் கம்பெனியின் கவனம் முழுக்க மைசூர்ப் பக்கம் இருந்தது, திப்பு சுல்தானோடு கடைசிப் போருக்கு அது தயாராகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தெற்கே இன்னொரு அடுப்பைப் பற்றவைக்க அது நல்ல நேரமில்லை. நியாய உணர்வு பாதி, நேரக்கணக்கு பாதியாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

முடிவு: தவறு.

தகவல் 4: "போருக்கு முன் மேஜர் பானர்மேன் சமாதானத்துக்கு அழைத்தார். கட்டபொம்மன் மறுத்ததால்தான் போர் வந்தது."

அதிகம் சுற்றும் தகவல் இதுதான். இதை வசனமாகப் பார்க்காமல், தேதிவரிசையாகப் பார்த்தால் தெளிவாகும்.

1799 மே 4: ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு கொல்லப்பட்டார். மைசூர்ப் போரில் மாட்டியிருந்த கம்பெனிப் படையின் கை விடுபட்டது.

அதே மே மாதம்: கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி சென்னையிலிருந்து உத்தரவு போடுகிறார். திருச்சி, தஞ்சாவூர், மதுரையில் இருக்கும் படைகள் திருநெல்வேலிக்கு நகர வேண்டும். தலைமை மேஜர் பானர்மேன். திருவிதாங்கூர்ப் படையும் கம்பெனிக்குத் துணை.

செப்டம்பர் 1: கட்டபொம்மனுக்கு பானர்மேனின் ஓலை போகிறது. சரணடைய வேண்டும், செப்டம்பர் 4-ம் தேதி பாளையங்கோட்டையில் வந்து பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 5: பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் படை சூழ்ந்துகொண்டது. வெளித்தொடர்பு எல்லாம் துண்டிக்கப்பட்டது.

மே மாதத்தில் படைக்கு உத்தரவு. செப்டம்பரில்தான் ஓலை. ஓலைக்கும் முற்றுகைக்கும் நடுவே நான்கே நாள். பாக்கியில் தள்ளுபடி, மறுபடி ஒரு விசாரணைக் குழு, தவணை என்று பேரம் பேச அதில் எதுவும் இல்லை. வந்து சரணடை என்பது ஒன்றுதான். இந்த வகை ஓலைக்குத் தமிழில் சமாதானத் தூது என்று பெயர் இல்லை, கெடு என்று பெயர்.

கட்டபொம்மன் பதில் அனுப்பினார் என்பதும் உண்மை. அதைத் தட்டிக்கழிக்கும் பதில் என்று கம்பெனி தரப்பு எழுதிவைத்தது. அது படித்தவர் கொடுத்த பெயர், எழுதியவர் கொடுத்த பெயரல்ல. ஒன்பது மாதத்துக்கு முன்னால் அழைத்தபோது நம்பிப் போன அதே மனிதர்தான் இந்த முறை போகவில்லை. டிசம்பரில் அவரை அழைத்தது விசாரணைக் குழு. செப்டம்பரில் அழைத்தது ஒரு படைத்தலைவர், அதுவும் பீரங்கியோடு வந்தவர்.

கோட்டையைச் சூழ்ந்தபிறகும் ஒரு தூது போனது. ராமலிங்கனார் என்பவரை பானர்மேன் உள்ளே அனுப்பினார். சரணடையச் சொன்ன செய்தியைக் கட்டபொம்மன் மறுத்துவிட்டார். தூதர் வெறுங்கையோடு திரும்பவில்லை. கோட்டைக்குள் என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்ற விவரத்தோடு திரும்பினார். அதை வைத்துத்தான் தாக்குதல் திட்டம் போடப்பட்டது. தூது போன இடத்தில் உளவு பார்த்துவிட்டு வந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஓலை வந்தது, தூது வந்தது, கட்டபொம்மன் ஏற்கவில்லை என்ற மூன்றும் உண்மை. அது சமாதான அழைப்பு என்பதும், அவர் மறுத்ததால்தான் போர் வந்தது என்பதும் தேதிகளோடு ஒட்டவில்லை. படை கிளம்பிய பிறகுதான் ஓலை கிளம்பியது.

முடிவு: பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்து முழுப் பொய் சொல்கிறார்கள்.

தகவல் 5: "கட்டபொம்மன் பக்கம் எந்தத் தவறும் இல்லை. சும்மா இருந்தவர் மேல் கம்பெனி பாய்ந்தது."

1798 டிசம்பர் விசாரணைக்கும் 1799 மே உத்தரவுக்கும் நடுவில் ஐந்து மாதம் இருக்கிறது. அதில் நடந்ததைப் பேச இரண்டு தரப்புக்குமே கூச்சம்.

கட்டபொம்மன் சிவகங்கை மருது சகோதரர்களோடு நெருங்கினார். அந்தச் சந்திப்பைப் புதுக் கலெக்டர் லூஷிங்டன் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கம்பெனியை எதிர்ப்பது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். கூட்டணியில் சேரச் சிவகிரிப் பாளையக்காரர் மறுத்துவிட, கட்டபொம்மன் சிவகிரி மேல் படை நடத்தினார். சிவகிரி கம்பெனிக்குக் கப்பம் கட்டும் பாளையம். தன் அதிகாரத்துக்கே விட்ட சவாலாகக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது.

இதைச் சொன்னால் கட்டபொம்மனைச் சிறுமைப்படுத்துவதாக ஆகாது. சும்மா உட்கார்ந்திருந்தவர் மேல் இடி விழுந்தது என்பதைவிட, வரப்போவது தெரிந்தே கூட்டணி சேர்த்தவர் என்பது அவரை இன்னும் பெரிய ஆளாகவே காட்டுகிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் போருக்குத் தயாரானது, இன்னொரு பக்கம் கையைக் கட்டிக்கொண்டிருந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

முடிவு: தவறு.

தூது எது, கெடு எது?

வித்தியாசம் நம் ஊர்த் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கே தெரியும். பாரதத்தில் கண்ணன் தூது போகும்போது பாண்டவர்களின் கோரிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. பாதி நாட்டில் தொடங்கி, ஐந்து ஊர், அதுவும் இல்லையென்றால் ஐந்து வீடு என்று குறைகிறது. கேட்பவர் தன் பக்கம் எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் அது தூது. விட்டுக்கொடுக்க வேண்டியது எதிராளி மட்டும்தான் என்றால் அது கெடு.

உலகத்திலும் இதே கதைதான். முதல் உலகப்போருக்கு முன், 1914 ஜூலை 23-ம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தது. பதில் சொல்ல 48 மணி நேரம். செர்பியா ஏறக்குறைய எல்லா நிபந்தனைகளையும் ஏற்றுப் பதில் கொடுத்தது. அப்படியும் ஜூலை 28-ம் தேதி போர் அறிவிக்கப்பட்டது. ஒப்புக்கொண்டாலும் போர் வரும் என்றால், மறுத்ததால் போர் வந்தது என்று எப்படிச் சொல்வது?

பிறகு என்ன ஆனது?

கள்ளர்பட்டி மோதலில் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். செப்டம்பர் 13-ம் தேதி நாகலாபுரத்தில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பத்து மாதத்துக்கு முன் சென்னை விடுவிக்கச் சொன்ன அதே மனிதர். புதுக்கோட்டைப் பக்கம் தப்பிப்போன கட்டபொம்மன் அங்கே பிடிக்கப்பட்டு, கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார்.

1799 அக்டோபர் 16, கயத்தாறு. மற்ற பாளையக்காரர்களை வரிசையாக உட்காரவைத்துவிட்டு, விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. ஓலை அனுப்பியவரும் பானர்மேன், கோட்டையைத் தாக்கியவரும் பானர்மேன், விசாரித்துத் தண்டனை கொடுத்தவரும் பானர்மேன். கட்டபொம்மன் எதையும் மறுக்கவில்லை. புளியமரத்தில் தூக்கு. அவர் அஞ்சாமல் நடந்துபோனதையும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்ததையும் பானர்மேனே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அத்தோடு அடங்கிவிடவும் இல்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, கோட்டையைத் திரும்பக் கட்டி, மறுபடி போர் நடந்தது. அந்த முறை கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இன்று அங்கே நிற்பது 1974-ல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக்கோட்டை.

யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது ஆதாரம்?

இந்தக் கதையில் தேதியோடு கிடைக்கும் காகிதங்களில் பெரும்பகுதி கம்பெனியார் எழுதியவை. 1881-ல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் அவற்றைத்தான் எடுத்துக் கொடுத்தார். ம.பொ.சி. அவரை விடுதலை வீரராக எழுதினார், தமிழ்வாணன் கொள்ளைக்காரன் என்றே புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தார். ஒரே ஆளைப் பற்றி இரண்டு துருவம்.

ஆதிச்சநல்லூருக்கும் இதே நிலைமைதான். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்ஸாண்டர் ரீ எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. கம்பெனியின் சென்னை ஆவணங்களும் அதே எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. இந்த மண்ணின் தாழியும் இந்த மண்ணின் சண்டையும், இரண்டுமே அடுத்தவர் தோண்டி, அடுத்தவர் பெயர் ஒட்டி வைத்தவை. அதற்காகத் தூக்கிப்போட முடியாது. பெயர்ச்சீட்டை யார் ஒட்டினார்கள் என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்குப் பாதகமான விஷயங்களும், ஜாக்ஸன் வேலையிழந்தது, மே மாதமே படைக்கு உத்தரவு போனது எல்லாம், அவர்கள் காகிதத்திலிருந்தே தெரிகின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபார்வர்டு செய்யும் முன் நான்கு கேள்விகள்

எந்தப் போரைப் பற்றியும், 'சமாதானத்துக்கு அழைத்தும் மறுத்தார்' என்று செய்தி வந்தால்:

1. அழைப்பு வந்த தேதி எது, படை கிளம்பிய தேதி எது? எது முந்தியது?

2. யோசிக்க எத்தனை நாள் கொடுத்தார்கள்?

3. அழைத்தவர் தன் பக்கம் எதையாவது விட்டுக்கொடுக்க முன்வந்தாரா?

4. மறுத்தார் என்று எழுதிவைத்தவர் யார்? மறுத்தவரா, அழைத்தவரா?

நான்குக்கும் பதில் கிடைக்கும்வரை அந்தச் செய்தி உங்கள் போனிலேயே இருக்கட்டும்.

வேனில் சண்டை போட்ட தாத்தாவுக்கும் பேரனுக்கும் இதில் சமமாகப் பங்கு உண்டு. கம்பெனி மரியாதையாகப் பேசிய நாள் ஒன்று இருந்தது, தாத்தா. அது 1798 டிசம்பர். மேஜர் லெட்டர் போட்டதும் நிஜம்தான், தம்பி. ஆனால் அந்த லெட்டருக்கு மூன்றரை மாதம் முந்தியே படைக்கு உத்தரவு போய்விட்டது.